அப்பாவின் படத்துக்கு மாலை போடாதே

தம்பி,

கருவாட்டுக் கூடைக்குள் ஒளித்து நீ கொடுத்தனுப்பிய கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. நீ இருக்கிற பத்து பாகாட் டவுனிலிருந்து குளுவாங் வரைக்கும் சைக்கிள் மிதித்த களைப்பில் கருவாட்டுக்காரர் நம் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கடிதத்தைப் பிரித்தேன். காகிதம் முழுக்கக் கருவாட்டு நாற்றம். படித்து முடித்தபோது கருவாடு எவ்வளவோ தேவலாம் என்று தோன்றியது. அம்மாவுக்குக் கோபம் வரும் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். கோபம் வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. சோற்றில் புழுவைப் பார்த்தவள் தட்டைத் தள்ளிவைப்பதுபோல அதை மடித்து அலமாரிக்கு மேலே தள்ளிவிட்டுக் கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். இன்று விடிந்ததிலிருந்து மழை. வேலைக்குக் கூப்பிடவில்லை. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

குடும்பப் படத்தை மூன்று வீடும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று ஒரு வழி கண்டுபிடித்து எழுதியிருக்கிறாய். அப்பாவை வெட்டி எடுத்த துண்டு பத்து பாகாட்டில் பெரியப்பா வீட்டிலேயே இருக்கட்டும், மீதிப் படம் எனக்கு, மாசாயில் இருக்கிற அத்தைக்கு அப்பா முகத்தை ஒரு பெயிண்டரைக் கொண்டு பெரிதாக வரைந்து கொடுத்துவிடலாம், வேண்டுமானால் எனக்கும் அதில் ஒன்று. யாருக்கும் குறை இல்லாத பங்கீடு என்று நீயே மெச்சிக்கொண்டிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியிலேயே, வருகிற அமாவாசைக்கு அப்பாவுக்குக் கருமாதி செய்யப் பெரியப்பா ஏற்பாடு செய்துவிட்டார், பிண்டம் வைக்க நீயும் சம்மதித்துவிட்டாய், அது முடிந்த கையோடு உன் கல்யாணம் என்று இருக்கிறது. படத்தைப் பங்கு போடுவதையும் பெற்ற அப்பாவைப் பிணமாக்குவதையும் ஒரே மூச்சில் எழுத உனக்கு எப்படி முடிந்தது என்று தெரியவில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மழை விடும்வரை மற்றதைச் சொல்கிறேன். அந்தக் கருமாதியை நீ செய்யக்கூடாது. மகன் கையால் பிண்டம் வைத்துவிட்டால், பிறகு அந்த மனுஷன் நடந்தே வீட்டு வாசலுக்கு வந்தாலும் ஊருக்கு அவர் செத்தவர்தான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் படம் எப்படி வந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். அத்தை கல்யாணத்தின்போது குளுவாங் டவுனில் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்தது. நீ அப்போது அரைக்கால் சட்டைப் பையன், படக்காரர் அசையாதே என்று சொன்னதும் மூச்சையே பிடித்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாய். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். ஒரு ஓரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், இன்னொரு ஓரத்தில் உன் பெரியம்மா. என் நாற்காலிக்குப் பின்னால் உன் அப்பா, நாற்காலி முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் பெரியப்பா. அண்ணன் தம்பி இன்னும் நெருங்கி நிற்க வேண்டும் என்று படக்காரர் சொன்னதால் பெரியப்பா தன் கையைத் தூக்கித் தம்பி தோளில் போட்டார். அவ்வளவுதான் படம். தோட்டத்துக் கூலிக்காரர்களுக்கு ஆயுளில் ஒரு படம் எடுத்தாலே பெரிய காரியம். உன் அப்பா முகம் பதிந்த காகிதம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

மூன்று வீட்டுக்கும் மூன்று பிரதி போட்டுத் தருவதாகத்தான் படக்காரர் சொன்னார். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதற்கு வருஷக்கணக்கில் இழுத்தடித்தார். பிறகு சண்டை வந்தது, ஜப்பான்காரன் வந்தான், படக்காரர் கடையைப் பூட்டிவிட்டு எங்கேயோ ஓடிப்போனார். பூட்டை யாரோ உடைத்தார்கள். படம் பதித்து வைத்திருந்த கண்ணாடித் தகடுகளை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய், வெந்நீரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, ஜன்னலுக்கும் கோழிக்கூண்டுக்கும் போட்டுக்கொண்டார்கள். ஊரில் எத்தனை கல்யாணம், எத்தனை பிள்ளைகள், எல்லா முகத்தையும் தேங்காய் நாரால் சுரண்டித் துடைத்திருக்கிறார்கள். நம் முகங்கள் இருந்த கண்ணாடி வழியாக யார் வீட்டுக் கோழி வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறதோ. இதைக் கேள்விப்பட்டபோது வந்த குமட்டல்தான் பெரியது என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஒரே படத்தை மூன்று வீடு எப்படி வைத்துக்கொள்வது என்ற கேள்வி இன்றைக்கு முளைத்தது இல்லை. அத்தை கல்யாணமாகி மாசாய்க்குப் போன வருஷமே வந்தது. மூத்தவன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றார் உன் பெரியப்பா. கல்யாணம் என்னுடையது, படமும் எனக்குத்தான் என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். உன் அப்பாதான் வழி சொன்னார். பொங்கலுக்கு நம் வீட்டுக்கு வரும். சித்திரை கழிந்ததும் மாசாய்க்குப் போகும். ஆவணியில் பெரியப்பா வீட்டுக்குப் போய் தீபாவளியை அங்கே கொண்டாடிவிட்டு மறுபடி பொங்கலுக்கு நம்மிடம் வரும். எதற்கு இந்த அலைச்சல் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னதை மறக்கவில்லை.

"ஒரே வீட்டுல தொங்கினா அது சுவரு மாதிரி ஆயிடும், யாரும் பார்க்க மாட்டாங்க. வந்து வந்து போனாத்தான் ஒவ்வொரு வாட்டியும் உட்கார்ந்து பார்ப்போம்."

அப்படியேதான் நடந்தது. தன்னுடைய சிவப்புக் கரை துண்டில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி, அவரே எடுத்துக்கொண்டு போவார். மாசாயிலிருந்து ஒரு தடவை மூலையில் கரையான் அரித்து வந்தது. இன்னொரு தடவை பெரியம்மா தன் முகம் பளிச்சென்று தெரியட்டும் என்று அந்த இடத்தில் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவி அனுப்பியிருந்தாள். அதற்கெல்லாம் உன் அப்பா சிரித்தார். யாரையும் அதிலிருந்து நீக்காதவரைக்கும் அழுக்கானால் என்ன, அரித்தால் என்ன என்பது அவர் எண்ணம் போலிருக்கிறது. நீக்குவதற்கும் ஒருவர் வருவார் என்று அந்த வெள்ளந்தி மனுஷனுக்குத் தோன்றவில்லை.

சயாமுக்கு ஆள் எடுத்த நாளைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. நீ அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தாய். இப்போது பேசத்தான் வேண்டும். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு எல்லாரையும் வரச்சொன்னார்கள். ஒவ்வொரு கங்காணியும் தன் ஆட்களிலிருந்து இத்தனை பேரைக் கொடுக்க வேண்டும், ரயில் பாதை போடுகிற வேலை, சீக்கிரம் திரும்பிவிடலாம், அரிசி கிடைக்கும் என்றார்கள். உன் பெரியப்பாதான் நம் பக்கத்துக் கங்காணி. அவர் மகன், உன் அண்ணன், கல்லைத் தின்றால் செரிக்கிற வயது. அவன் அந்த நேரத்தில் அவர்கள் வீட்டு அடுப்பங்கரைப் பரணில் விறகோடு விறகாகக் கிடந்தான். அது லயம் முழுக்கத் தெரியும். ஆட்கள் பயந்து பின்வாங்கியபோது உன் பெரியப்பா உன் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து, தோளில் கையைப் போட்டு, ஒரு அடி முன்னால் நகர்த்தினார்.

"என் கூடப் பொறந்த தம்பியவே நான் அனுப்பறேன், நீங்க எதுக்குப் பயப்படறீங்க?"

மொழிபெயர்த்துக் கேட்ட ஜப்பான்காரன் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தான். அவரும் பல்லைக் காட்டினார். தம்பி, இந்த மூன்று வருஷத்தில் நான் எவ்வளவோ பார்த்துவிட்டேன். டவுன் பாலத்துக்குப் பக்கத்தில் கம்பத்தில் குத்தி வைத்திருந்த தலையைப் பார்த்திருக்கிறேன். அதைக்கூட ஒரு நாள் மறப்பேன். அந்தப் பல்லை மறக்க மாட்டேன்.

குளுவாங் ஸ்டேஷனில் சாமான் ஏற்றுகிற பெட்டியில் ஏற்றினார்கள். ஜன்னல் இல்லாத பெட்டி. கதவுச் சந்தில் நின்றுகொண்டு உன் அப்பா என்னிடம் சொன்னது இதுதான்: "படம் இப்ப அண்ணன் வீட்டுல இருக்கு. பொங்கலுக்கு நம்ம முறை, கேட்டு வாங்கி வச்சுக்க." தன்னைப் பிடித்துக் கொடுத்த அண்ணன் வீட்டைப் பற்றி அவ்வளவு சாதாரணமாகப் பேசினார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அடுத்த வருஷம் பெரியப்பா பத்து பாகாட்டில் கடை வைத்தார். எல்லாரும் கோணி கட்டுகிற காலத்தில் அவர் கடையில் துணி இருந்தது, சிகரெட் இருந்தது. எப்படி இருந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை, அங்கேதானே மூட்டை இறக்குகிறாய். உன்னை அங்கே அனுப்பியது நான்தான். கடையில் இருக்கிறவனைச் சயாமுக்கு எடுக்க மாட்டார்கள் என்பதற்காக மூக்கைப் பொத்திக்கொண்டு அனுப்பினேன். நீ அந்தச் சோற்றைச் சாப்பிட்டதற்காக உன்னைக் குறைசொல்ல மாட்டேன். உயிரோடு இருக்கச் சாப்பிட்டாய். ஆனால் சோறு போட்டவர் சொல்வதெல்லாம் உண்மை என்று நினைத்துக்கொள்ளச் சொல்லி நான் அனுப்பவில்லை.

இனி சயாமிலிருந்து திரும்பிய ஆள் பற்றி. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற லயத்துக்காரர், உன் அப்பா போன அதே பெட்டியில் போனவர், தப்பியோ தள்ளிவிடப்பட்டோ வந்து சேர்ந்தார். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஒரே புண். எலும்பு தெரிகிறது. வீட்டுக்குள் நுழைய முடியாத நாற்றம், பெண்டாட்டியே வாசலில்தான் படுக்கிறாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த நாற்றம் அருவருப்பாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வெந்நீரில் துணியை நனைத்துப் புண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார்.

"செத்துட்டாருன்னு சொன்னா பொய் அக்கா. இருக்காருன்னு சொன்னாலும் பொய். ஆத்துக்கு அந்தாண்ட பாதிப் பேரக் கூட்டிட்டுப் போனாங்க, அதுல அவரு போனாரு. அதுக்கு மேல நான் பார்க்கல."

இவ்வளவுதான் அவர் சொன்னது. இதே மனுஷனைப் பார்க்க உன் பெரியப்பா ஒரு ஆளை அனுப்பினார், தானே வரவில்லை. அந்த ஆளும் இதையேதான் கேட்டுக்கொண்டு போயிருப்பான். பத்து பாகாட் போய்ச் சேர்வதற்குள் அது வாந்திபேதியில் செத்துப்போனதாக ஆகிவிட்டது. நான் அவர் உயிரோடு இருக்கிறார் என்று சாதிக்கவில்லை, தம்பி. எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது பெரிய நரகம், அதில் நான் தினமும் வெந்துகொண்டிருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரியாததை உன் பெரியப்பா தெரிந்த மாதிரி பேசும்போது எனக்குத் தாங்கவில்லை.

இந்தப் பொங்கல் வந்தது. படம் வரவில்லை. பொங்கல் கழிந்து ஒரு நாள் கருவாட்டுக்காரர் கொண்டுவந்தார். அதே சிவப்புக் கரை துண்டு, அதே மாதிரி சணல் கட்டு. கட்டை அவிழ்க்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது, இந்த நாலு மாதமாவது அவர் முகத்தைப் பார்க்கலாம் என்ற ஆசையில். துண்டை விலக்கிப் படத்தைத் தூக்கிப் பிடித்தேன். என் தலைக்கு மேலே ஓட்டை. அதன் வழியாக எதிர் லயத்துக் கதவும் அங்கே காய்ந்துகொண்டிருந்த துணியும் தெரிந்தன. நெஞ்சிலிருந்து தலைவரைக்கும் அவரை நறுக்கி எடுத்திருந்தார்கள். நாற்காலி முதுகில் வைத்திருந்த கை மட்டும் எனக்கு மிச்சம். நாலு விரலும் மணிக்கட்டும். நான் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என்னவென்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரி வாயில் துணியை வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளே கரியில் ஓடுகிற லாரியில் ஏறி நான் பத்து பாகாட்டுக்கு வந்தது உனக்குத் தெரியும். வழியில் காவல் நின்ற ஜப்பான்காரனுக்கு முன்னால் இறங்கிக் குனிந்து குனிந்துதான் வந்தேன். அவனுக்குக் குனிவது எனக்குப் பழகிப்போயிற்று. உன் பெரியப்பா கூடத்துக்குள் நுழைவதுதான் பழகவில்லை. நீ அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றாய், என்னைப் பார்த்ததும் தலைகுனிந்துகொண்டாய். எதிர்ச் சுவரில் உன் அப்பா. கண்ணாடி போட்டு, சட்டம் போட்டு, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பருமனான அரளி மாலை போட்டு, தலைக்கு வைக்கக்கூட எண்ணெய் இல்லாத இந்தக் காலத்தில் தேங்காய் எண்ணெய் விளக்கும் ஏற்றி. கற்பூரம் எங்கிருந்து கிடைத்ததோ, அதுவும் எரிந்துகொண்டிருந்தது. சயாமிலிருந்து திரும்பியவர் கால் புண்ணில் வராத குமட்டல் எனக்கு அந்தக் கற்பூர வாசனையில் வந்தது.

எதற்காக வெட்டினீர்கள் என்று கேட்டேன். உன் பெரியப்பா குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"உயிரோட இருக்கறவங்க படத்துக்கு மாலை போடக்கூடாது இல்ல? அதுல நீ இருக்கே, பையன் இருக்கான், நாங்க இருக்கோம். அதான் அவன மட்டும் தனியா எடுத்தேன். உங்க நல்லதுக்குத்தான்மா செஞ்சேன்."

பார், சாஸ்திரத்தை எவ்வளவு சரியாகப் பிடித்துவைத்திருக்கிறார். உயிரோடு இருக்கிறவர்களுக்கு மாலை பட்டால் ஆகாது, அதனால் கத்தரிக்கோல். அந்த ஒருவரும் உயிரோடு இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் கொஞ்சம் சங்கடமாகியிருக்கும். உயிரோடு வந்துவிட்டால் உன் அப்பா எதையாவது கேட்பாரோ என்ற பயம் மனுஷனுக்கு. சுவரில் மாலையோடு தொங்குகிறவர் எதையும் கேட்க மாட்டார். தினமும் விழுந்து கும்பிட்டுவிட்டுக் கடையைத் திறக்கலாம். தம்பியை விற்றவர் என்று பேசுகிற ஊரே, தம்பிக்குத் தினமும் விளக்கேற்றுகிற அண்ணன் என்று பேசும்.

அதற்குள் உன் பெரியம்மா உள்ளேயிருந்து ஒரு மடித்த சேலையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வெள்ளைச் சேலை. சண்டை வந்த பிறகு என் கைக்கு வந்த முதல் புதுத் துணி அதுதான். அமாவாசைக்கு முன்னாலேயே பொட்டை அழித்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது, கல்யாண வீட்டில் குழப்பம் வராது, மணவறையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து நடத்திக் கொடுத்துவிடுவோம் என்று என் காதில் சொன்னாள். ரகசியம் பேசுகிறவள்போல அவ்வளவு பிரியமாகச் சொன்னாள். சேலையைக் காலால் ஒதுக்கினேன். நான் செய்தது மரியாதை இல்லைதான், அதற்காக வருத்தப்படவும் இல்லை.

பிறகுதான் சுவருக்குப் பக்கத்தில் போய் மாலையை விலக்கினேன். மாலை ஏன் அவ்வளவு பருமன் என்று அப்போது புரிந்தது. உன் அப்பா தோளில் ஒரு கை இருந்தது. முழங்கைவரைக்கும் இல்லை, வெறும் கை. பவள மோதிரம் போட்ட கை. என்னிடம் வந்த படத்தில் உன் பெரியப்பா கை இல்லாத ஆளாக நின்றுகொண்டிருப்பதை நான் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். எவ்வளவு வளைத்து வெட்டியும் தோளிலிருந்து அதைப் பிரிக்க முடியவில்லை போலிருக்கிறது. மாலைக்குக் கீழே அதுவும் சேர்ந்து கற்பூரம் வாங்கிக்கொண்டிருந்தது.

"இது யாரு கை மாமா?" என்று கேட்டேன்.

அவர் மோதிரம் போட்ட கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். பெரியம்மா எட்டி மாலையைச் சரிசெய்து தோளை மூடினாள். நீ மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் லாரி பிடிக்கக் கிளம்பிவிட்டேன், ஒரு வாய் தண்ணீர்கூட அங்கே குடிக்கவில்லை.

இவ்வளவும் உன் கண் முன்னால் நடந்தது. அதற்குப் பிறகும் பெயிண்டர் என்று எழுதுகிறாயே. முன்பு கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதியவர், இப்போது ஜப்பான் கொடி வரைகிறவர், படத்தில் இருக்கும் குறைகளை எல்லாம் சரிசெய்து, அப்பாவுக்குக் கோட்டுப் போட்டு, பார்க்கப் பெரிய மனிதர்போல வரைந்து தருவார் என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா ஆயுளில் கோட்டுப் போட்டதில்லை. எந்தக் குறையை மறைக்க அந்தக் கோட்டு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு தூரிகை இழுப்பில் அந்தக் கை காணாமல் போய்விடும். பிறகு அசலைக் கரையான் தின்றுவிட்டது என்பார்கள். மூன்று வீட்டிலும் கோட்டுப் போட்ட ஒரு அந்நிய மனிதர் மாலையோடு தொங்குவார், உன் பிள்ளைகள் அவரைத் தாத்தா என்று கும்பிடும். நினைத்தாலே எச்சில் ஊறி வருகிறது, துப்ப வேண்டும்போல இருக்கிறது.

படத்தைப் பங்கிட்டுக்கொள்கிற வழி என்னவென்று கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். புது வழி ஒன்றும் இல்லை, உன் அப்பா சொன்ன பழைய வழிதான். அமாவாசைக்கு முன்னால் நீ கிளம்பி வா. கருவாட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பாதே, நீயே வா. சுவரில் இருக்கிற சட்டத்தைக் கழற்றி, மாலையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு வா. கை அழகாக இல்லை என்று அதைக் கத்தரித்துவிடாதே. அப்படியே வேண்டும். இங்கே மரவள்ளி மாவைக் காய்ச்சிப் பசை செய்து, பின்பக்கத்தில் காகிதம் கொடுத்து, நான் ஒட்டிவைக்கிறேன். மூன்று வேளையும் தொண்டையில் ஒட்டிக்கொள்கிற அந்தப் பாழாய்ப்போன கிழங்கு இதற்காவது உதவட்டும். வெட்டின இடம் தெரியும். தெரியட்டும். சித்திரை கழிந்ததும் மாசாய்க்குப் போகும், அத்தை பார்த்து அழுதுகொள்ளட்டும். ஆவணி வந்தால் பெரியப்பா வீட்டுக்கும் போகும். நீ ஆச்சரியப்படுவாய். அவர் முறையை நான் பிடுங்க மாட்டேன், மூன்று வீடு என்றால் மூன்று வீடுதான். எல்லாரும் உட்கார்ந்திருக்கிற படத்துக்கு அவரால் மாலை போட முடியாது. அடுத்த பொங்கல்வரைக்கும் மாலை இல்லாமல், தம்பி தோளில் தன் கை இருப்பதைப் பார்த்துக்கொண்டு, அவர் சாப்பிடட்டும்.

கல்யாணத்தை நான் தடுக்கவில்லை. பெண் நல்லவள் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். இந்தக் காலத்தில் வயது வந்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு அவளைப் பெற்றவர்கள் படுகிற பயம் எனக்குத் தெரியும், அவசரப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்த அவசரத்துக்காக உன் அப்பாவைச் சாகடிக்க வேண்டியதில்லை. நான் பொட்டோடுதான் வந்து நிற்பேன். மணவறைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பாய், அவருக்கு ஒரு பாய் போடு. அவர் வராவிட்டால் அந்தப் பாய் காலியாக இருக்கட்டும், அதில் யாரையும் உட்கார விடாதே. ஏன் காலியாக இருக்கிறது என்று பெண் கேட்டால், மழுப்பாமல் உள்ளதைச் சொல். தெரியாததைத் தெரியாது என்று பெண்டாட்டியிடம் சொல்லத் தெரிந்தவனோடு எவளும் குடித்தனம் நடத்தலாம். உன் அப்பா அப்படிப்பட்டவர், அதனால்தான் இவ்வளவு அருவருப்புக்கு நடுவிலும் எனக்கு அவரோடு வாழ்ந்தது கசக்கவில்லை.

அவர் போய்விட்டார் என்று ஒரு நாள் உறுதியாகத் தெரிந்தால் நானே உன்னைக் கூப்பிடுவேன். அன்றைக்கு நீ பிண்டம் வை, நான் அழுகிறேன். அந்த நாளைக் குறிக்கிற உரிமை அவர் பெயரைப் பெரட்டில் சொன்னவருக்கு இல்லை. அவர் பெயரைக் கொடுக்க ஒரு தடவை வாயைத் திறந்தது போதும்.

மழை விட்டுவிட்டது. கிழங்குத் தோட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். நீ அந்தப் படத் துண்டோடு வருவாயா, மொட்டைத் தலையோடு வருவாயா என்பது இனி உன் பாடு. வருகிற வழியில் எங்கேயாவது குங்குமம் கண்ணில் பட்டால் கொஞ்சம் வாங்கி வா, டப்பா தீர்ந்துவிட்டது. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்துத்தான் இத்தனை நாளும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா